பழைய லாரி கரும்புகை கக்குகிறதா? காரணம் கண்டுபிடிக்க அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் பழைய டாடா, லேலண்ட் லாரிகள் இன்னும் நிறைய ஓடுகின்றன. நீண்ட தூர லோடு குறைந்துபோய், தண்ணீர் லாரியாகவும் எம்-சாண்ட் டிப்பராகவும் செங்கல் வண்டியாகவும் உழைக்கின்றன. டாடா 697, கம்மின்ஸ் 6பி.டி., லேலண்டின் ஹினோ வகை என்று எந்த என்ஜினாக இருந்தாலும், கம்ப்யூட்டர் இல்லாத, இன்லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக டீசலை அழுத்தித் தரும் பம்ப்) வைத்த வண்டி என்றால் கீழே உள்ள பதில்கள் பொருந்தும். காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில், ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா சிலிண்டருக்கும் டீசல் போகும்) வண்டிக்காரர்கள் கடைசிக் கேள்வியை முதலில் படியுங்கள்.

கரும்புகை என்பது என்ன? டீசல் அதிகமாகப் போகிறது என்று அர்த்தமா?

முழுதாக எரியாத கரிதான் கரும்புகை. உள்ளே போன டீசலுக்குப் போதிய காற்று கிடைக்கவில்லை, அல்லது காற்று இருந்தும் டீசல் அதோடு சரியாகக் கலக்கவில்லை. எனவே டீசல் அதிகம் என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். பம்ப் சரியான அளவே தந்தாலும் காற்று குறைந்தால் புகை வரும்.

ஒரு லிட்டர் டீசல் எரிய கணக்குப்படி ஏறத்தாழ 12 கிலோ காற்று வேண்டும். அதாவது சுமார் 10,000 லிட்டர். அதுவும் கணக்குப்படி வரும் குறைந்தபட்ச அளவுதான். புகையில்லாமல் எரிய அதைவிடக் கணிசமாகக் கூடுதல் காற்று தேவை. மேட்டில் ஏறும்போது அந்த என்ஜின் எவ்வளவு காற்றை இழுக்க வேண்டும் என்று யோசித்தால், அடைபட்ட ஒரு ஃபில்டர் என்ன பாடு படுத்தும் என்பது புரியும்.

வெள்ளைப் புகை, நீலப் புகையோடு இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

வெள்ளை என்றால் எரியாமலே ஆவியாக வெளியேறும் டீசல், அல்லது சிலிண்டருக்குள் இறங்கும் தண்ணீர். காலையில் குளிர்ந்த என்ஜினில் கொஞ்ச நேரம் வந்து நின்றுவிட்டால் கவலை இல்லை. நீலம் என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. ஆயில் மட்டம் குறைகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இரவில் ஹெட்லைட் வெளிச்சத்தில் பார்த்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள். பகலில், பின்னால் இன்னொருவரை நிற்க வைத்துப் பாருங்கள்.

பட்டறைக்குப் போகும் முன் நானே என்ன கவனிக்க வேண்டும்?

புகை எப்போது வருகிறது என்பதை. எவ்வளவு வருகிறது என்பதைவிட இதுதான் முக்கியம். காரணத்தைப் பாதி இதிலேயே பிடித்துவிடலாம். ஸ்பேனரை எடுக்கும் முன் டிரைவரிடம் உட்கார்ந்து கேளுங்கள்.

லோடு ஏற்றி மேட்டில் தொடர்ந்து புகைகிறது, காலியாகப் போனால் இல்லை என்றால், காற்றுப் பாதையை முதலில் சந்தேகப்படுங்கள்: ஃபில்டர், டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் விசிறி), ஹோஸ். அதோடு இழுவையும் குறைந்திருந்தால் சந்தேகம் இன்னும் உறுதி.

சும்மா நிற்கும்போதே, ஐட்லிங்கிலேயே கறுப்பாக வருகிறது, என்ஜின் ஒரே சீராக ஓடாமல் மிஸ்ஸிங் அடிக்கிறது என்றால், ஏதோ ஒரு நாசில் (இன்ஜெக்டரின் நுனியில் டீசலைத் தெளிக்கும் பகுதி) ஒழுகுகிறது. ஐட்லிங்கில் டீசலே மிகக் குறைவாகத்தான் போகும். அப்போதும் கரி வருகிறது என்றால் தெளிப்பில்தான் கோளாறு.

ஆக்சிலேட்டரை மிதித்த நொடியில் குப்பென்று ஒரு புகை, பிறகு தெளிந்துவிடுகிறது என்றால், பழைய டர்போ வண்டியில் அது ஓரளவு இயல்புதான். டர்போ சுற்றி எழுந்து காற்றைத் தர ஒன்றிரண்டு நொடி ஆகும். டீசல் அதற்குள் போய்விடும். அந்தக் குப் நீண்டுகொண்டே போனால்தான் கவனிக்க வேண்டும்.

எல்லா நிலையிலும் புகை, ஆனால் இழுவை முன்பைவிட நன்றாக இருக்கிறது என்றால், யாரோ பம்பில் கை வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் இன்னொரு கேள்வி: புகை திடீரென்று ஒரு நாள் வந்ததா, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடியதா? திடீரென்று வந்தால் ஹோஸ் கழன்றது, எக்ஸாஸ்ட் பிரேக் (புகைக்குழாயை மூடி வேகத்தைக் குறைக்கும் தகடு) ஒட்டிக்கொண்டது, நாசில் ஊசி சிக்கியது போன்றவை. மெல்ல வந்தால் தேய்மானம் அல்லது அடைப்பு. ஏதாவது வேலை பார்த்த பிறகு வந்திருந்தால், அந்த வேலைக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

மெக்கானிக் எடுத்த எடுப்பிலேயே பம்பைக் கழற்றலாம் என்கிறார். சரியா?

அவசரப்படாதீர்கள். பம்பைக் கழற்றி, டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, எலிமெண்ட் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலைத் தள்ளும் பம்பின் உள்பாகம்) மாற்றி, திரும்ப டைமிங் (டீசல் விழ வேண்டிய நேரம்) வைத்து மாட்டுவது இந்த வேலைகளிலேயே செலவு அதிகமானது. காரணம் ஃபில்டரில் இருந்தால் அந்தப் பணம் அத்தனையும் வீண். போதாக்குறைக்கு, நன்றாக இருந்த டைமிங் கலைந்து புதுப் பிரச்சினையும் சேரலாம்.

வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் காற்று உள்ளே வரும் வழி, அடுத்து புகை வெளியே போகும் வழி, பிறகு டேப்பட் (வால்வைத் திறக்கும் பாகத்தின் இடைவெளி), பிறகு நாசில். இவை எல்லாம் சரி என்று தெரிந்த பிறகே பம்ப். செலவு குறைந்ததிலிருந்து கூடியதுக்குப் போகும் வரிசையும் கிட்டத்தட்ட இதுதான். அதனால் நல்ல மெக்கானிக் யாரும் இதை மறுக்க மாட்டார்.

ஏர் ஃபில்டரை நேற்றுத்தான் காற்றடித்துச் சுத்தம் செய்தோம். அதுவாக இருக்குமா?

இருக்கலாம். வெளியே படிந்த தூசி காற்றடித்தால் போகும். காகித மடிப்புக்குள் இறங்கிய மாவு போன்ற தூசியும் எண்ணெய்ப் பசையும் போகாது. கல் குவாரி, கிரஷர், செங்கல் சூளைப் பக்கம் ஓடும் வண்டிகளில் ஃபில்டர், புத்தகத்தில் போட்ட கிலோமீட்டருக்கு வெகு முன்பே செத்துவிடும்.

காற்றடிக்கும்போது உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் தூசியை இன்னும் உள்ளே ஏற்றுகிறீர்கள். டயருக்கு அடிக்கும் முழு அழுத்தத்தை அப்படியே காட்டினால் காகிதம் கிழியும்; 30 பி.எஸ்.ஐ. அளவுக்குள், சற்றுத் தள்ளிப் பிடித்து அடித்தால் போதும். முடிந்ததும் இருட்டில் ஃபில்டருக்குள் ஒரு பல்பை விட்டு வெளியிலிருந்து பாருங்கள். எங்கும் வெளிச்சம் வரவில்லை என்றால் அடைப்பு. ஏதாவது ஒரு புள்ளியில் மட்டும் பளிச்சென்று வந்தால் ஓட்டை. ஓட்டை ஃபில்டர் அடைபட்ட ஃபில்டரைவிட மோசம். புகை இல்லாமல் வண்டி நன்றாக ஓடும், ஆனால் உள்ளே போகும் மணல் தூசி லைனரையும் ரிங்கையும் தின்றுவிடும். உள்ளே இரண்டாவதாக ஒரு சின்ன ஃபில்டர் இருந்தால் அதைச் சுத்தம் செய்யவே கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

ஆயில் பாத் வகை (கிண்ணத்தில் உள்ள ஆயிலில் தூசியைப் பிடிக்கும் ஃபில்டர்) என்றால் கிண்ணத்தைக் கழற்றி அடியில் சேறு எவ்வளவு என்று பாருங்கள். ஆயிலை மார்க் வரைக்கும்தான் ஊற்ற வேண்டும். கூடுதலாக ஊற்றினால் என்ஜின் அந்த ஆயிலையே இழுத்து எரிக்கும். அளவு மீறினால் ஆக்சிலேட்டரை விட்டாலும் ரேஸ் குறையாமல் என்ஜின் தானாக ஏறிவிடக்கூடிய ஆபத்தும் உண்டு.

ஃபில்டர்தான் காரணமா என்று உறுதி செய்ய, நல்லதென்று தெரிந்த ஃபில்டரைப் போட்டு, அதே லோடில் அதே மேட்டில் ஏறிப் பாருங்கள். நின்ற இடத்தில் ரேஸ் பண்ணிப் பார்ப்பது போதாது. லோடு இல்லாதபோது அடைபட்ட ஃபில்டர்கூடச் சமாளித்துவிடும். ஃபில்டரே இல்லாமல் ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது வேண்டவே வேண்டாம்.

டர்போ போய்விட்டதா என்று எப்படித் தெரியும்?

டர்போவுக்குப் போகும் முன் அதைச் சுற்றி உள்ளவற்றைப் பாருங்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (டர்போ காற்றைக் குளிர்விக்கும் பாகம்), அங்கிருந்து என்ஜினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்கள் அடிப்பக்கத்தில்தான் வெடிக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, கையை விட்டுத் தடவ வேண்டும். கசியும் இடத்தைச் சுற்றி எண்ணெயும் தூசியும் கலந்த கறுப்புப் பூச்சு இருக்கும். கிளிப் தளர்ந்திருக்கலாம். லோடில் ஏறும்போது முன்பு இல்லாத 'உஸ்' சத்தம் கேட்டால் அதுவும் அடையாளம்.

அடுத்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். அதன் கேஸ்கெட் ஓரத்தில் கரி படிந்திருந்தால், டர்போவைச் சுற்ற வேண்டிய வாயு அங்கேயே வெளியேறுகிறது. டர்போ மெதுவாகச் சுற்றும், காற்று குறையும், புகை வரும். டர்போ மேல் ஒரு தப்பும் இருக்காது.

இவை சரி என்றால், என்ஜின் நன்றாக ஆறிய பிறகு காற்று உள்ளே வரும் பக்கத்துக் குழாயைக் கழற்றி, டர்போ விசிறியை விரலால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருப்பது இயல்பு. விசிறி உறையில் உரசக் கூடாது. முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் கைக்குத் தெரிந்தாலே பேரிங் தேய்ந்துவிட்டது. இறகு முனை மழுங்கியிருந்தால் ஃபில்டர் வழியாக ஏதோ உள்ளே போயிருக்கிறது. என்ஜின் ஓடும்போது அந்த வாயருகே கையையோ துணியையோ கொண்டுபோகவே கூடாது.

எக்ஸாஸ்ட் பக்கம் அடைத்தால்கூடப் புகை வருமா?

வரும். பழைய புகை வெளியே போகாவிட்டால் புதுக் காற்று உள்ளே வர இடமில்லை. எக்ஸாஸ்ட் பிரேக்கின் தகடு பாதி மூடியபடி துருப்பிடித்து ஒட்டிக்கொள்வது பழைய வண்டிகளில் சாதாரணம். லிவரைக் கையால் அசைத்தால் முழுதாகத் திறந்து திரும்ப வேண்டும். சைலென்சர் உள்தகடு உடைந்து வழியை அடைத்துக்கொள்வதும் உண்டு. தட்டினால் உள்ளே கலகலக்கும்.

எந்த நாசில் கெட்டது என்று எல்லாவற்றையும் கழற்றாமல் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். என்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசல் பைப்பின் நட்டை ஒரு நேரத்தில் ஒன்றாக லேசாகத் தளர்த்துங்கள். அந்தச் சிலிண்டருக்கு டீசல் நின்றுவிடும். நல்ல சிலிண்டர் என்றால் என்ஜின் சத்தம் உடனே தடுமாறும். தளர்த்தியும் சத்தத்தில் மாற்றமே இல்லை என்றால் அந்தச் சிலிண்டர் வேலையே செய்யவில்லை. தளர்த்தியதும் புகை தெளிந்தால் குற்றவாளி அந்த நாசில்தான். சந்தேகத்தை உறுதி செய்ய அந்த இன்ஜெக்டரை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். புகை கூடவே போனால் நாசில். போகாவிட்டால் அந்தச் சிலிண்டரின் வால்வு, ரிங், பம்ப் எலிமெண்ட் என்று தேட வேண்டும்.

இதைச் செய்யும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பைப் நட்டுக்கு நேராக முகத்தையோ கையையோ வைக்காதீர்கள். பீய்ச்சி அடிக்கும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் சின்ன ஊசிக் குத்துப் போலத்தான் தெரியும், ஆனால் அது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம்.

கழற்றிய இன்ஜெக்டரை டெஸ்ட்டரில் வைத்து அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பனி போலத் தெளிக்க வேண்டும், எல்லா ஓட்டையிலும் ஒரே அளவு வர வேண்டும், நின்ற பிறகு நுனியில் சொட்டு திரளக் கூடாது. பழைய என்ஜின்களில் திறக்கும் அழுத்தம் பெரும்பாலும் 200 முதல் 250 பார் வரை இருக்கும். உங்கள் என்ஜினுக்கு எவ்வளவு என்பதை மேனுவலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

புது நாசில் போட்டும் புகை போகவில்லை என்றால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, நாசில் எண். டி.எல்.எல்.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் எண் தெளிப்புக் கோணத்தைக் குறிக்கும். வேறு என்ஜினுக்கான நாசில் பார்வைக்கு அப்படியே இருக்கும், மாட்டவும் மாட்டும். ஆனால் டீசல் பிஸ்டன் குழிக்குள் விழாமல் வேறெங்கோ விழும். இரண்டு, செம்பு வாஷர். பழையது உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலே புதியதைப் போட்டு மாட்டிவிடுகிறார்கள். நாசில் ஒரு வாஷர் உயரம் மேலே நின்றாலும் தெளிப்பு இடம் மாறும், புகை வரும்.

'பம்பை ஏத்திவிட்டால் இழுவை கூடும்' என்று எங்கள் டிரைவர் ஏத்திவிட்டார். அதனால் புகை வருமா?

கண்டிப்பாக வரும். பம்பில் அதிகபட்ச டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூவுக்குக் கம்பியும் சீலும் போட்டிருப்பார்கள். சீல் அறுந்திருந்தால் யாரோ திருகியிருக்கிறார்கள். காற்று அளவு மாறாமல் டீசலை மட்டும் கூட்டினால் முதலில் கொஞ்சம் இழுவை கூடுவது உண்மைதான். அதற்குமேல் ஊற்றும் டீசல் கரியாகிறது, எக்ஸாஸ்ட் சூடு ஏறுகிறது, பிஸ்டனும் டர்போவும் அடி வாங்குகின்றன. அதைக் கண்ணால் பார்த்துக் குறைத்துவிடுவதும் சரியில்லை. டெஸ்ட் பெஞ்சில் அந்த என்ஜின் மாடலுக்கான அளவுக்கே வைக்க வேண்டும். எல்லா எலிமெண்ட்டும் ஒரே அளவு தருகின்றனவா என்பதும் அங்கேதான் தெரியும்.

டர்போ வண்டியின் பம்பில் இன்டேக் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து சேரும். டர்போ காற்று ஏறும் வரை டீசலைக் குறைத்துப் பிடித்து வைக்கும் அமைப்பு அது. அதன் டயஃப்ரம் கிழிந்தால் இழுவை குறையுமே தவிர, புகை கூடாது. ஆனால் அந்த இழுவைக் குறைவைச் சரிசெய்கிறேன் என்று அந்த அமைப்பையே செயலிழக்க வைத்தால், மிதிக்கும்போதெல்லாம் குப்பென்று புகை வரும். கிழிந்ததை மாற்றினால் இரண்டும் சரியாகிவிடும்.

டைமிங், டேப்பட் எல்லாம் காரணமாகுமா?

ஆகும். டீசல் தாமதமாக விழுந்தால் எரிந்து முடிக்க நேரம் போதாது. புகையும் சூடும் சேர்ந்து வரும், என்ஜின் மந்தமாக இருக்கும். பம்பை இறக்கி ஏற்றிய பிறகு புகை ஆரம்பித்திருந்தால் மார்க்கைச் சரிபாருங்கள். தனி கப்ளிங் மூலம் பம்ப் ஓடும் என்ஜின்களில் கப்ளிங் போல்ட் தளர்ந்து நழுவியிருக்கவும் வாய்ப்புண்டு.

டேப்பட் இடைவெளி அதிகமானால் வால்வு திறக்கும் அளவும் நேரமும் குறையும், காற்றும் குறையும். 12 வால்வு கம்மின்ஸ் 6பி.டி.க்கு ஆறிய என்ஜினில் இன்டேக் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ. ஃபீலர் கேஜ் இல்லாமல் கை ஆட்டத்தில் வைப்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

ரிங், லைனர் தேய்ந்திருந்தால்?

அப்போதும் கரும்புகை வரலாம். ஆனால் தனியாக வராது. காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு, ஆயில் குறைவது, ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருவது என்று கூட்டாளிகளோடு வரும். கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஆறு சிலிண்டரையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் என்ஜினைப் பிரிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

டீசல் ஃபில்டரை மாற்றினால் சரியாகுமா? கலப்பட டீசலாக இருந்தால்?

டீசல் ஃபில்டர் அடைத்தால் டீசல் குறைவாகப் போகும். வண்டி இழுக்காது, ஆனால் கரும்புகை கூடாது. நேரத்துக்கு மாற்றுவது நல்லதுதான், புகைக்கு அது மருந்தில்லை.

மண்ணெண்ணெய் கலந்த டீசலும் உடனடியாகக் கரும்புகை தருவதில்லை. அதற்கு வழுவழுப்பு குறைவு என்பதால் பம்ப் எலிமெண்டையும் நாசிலையும் தேய்த்துவிடும். புகை சில மாதம் கழித்து வரும். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய என்ஜின் ஆயிலைக் கலந்து ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அதில் புகையும் வரும், நாசில் நுனியில் கரியும் கட்டும்.

சமவெளியில் நன்றாக ஓடுகிறது, ஊட்டிக்குப் போனால் மட்டும் புகைகிறது. ஏன்?

உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத என்ஜினுக்குப் பம்ப் அதே டீசலைத் தரும், காற்று மட்டும் குறையும். கீழே இறங்கியதும் தெளிந்துவிட்டால் வண்டியில் கோளாறு இல்லை. லோடைக் குறைத்து, கியரைக் குறைத்துப் போவதுதான் வழி.

ஓட்டும் விதத்தால் புகை வருமா?

நிறைய வரும். திம்பம் போன்ற மலைப்பாதையில், 27 கொண்டை ஊசி வளைவுகளில், கியர் மாற்றச் சோம்பல்பட்டு மேல் கியரிலேயே ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்து ஏற்றினால் எந்த நல்ல என்ஜினும் புகைக்கும். சுற்று குறைந்தால் டர்போ காற்றும் குறைந்துவிடும். என்ஜின் திணறும் முன்பே கியரைக் குறைக்க வேண்டும். ஓவர்லோடும் இதே கணக்குதான். பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். பிரேக் அதிகம் போடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, டிரம் அருகே கையைக் கொண்டுபோனால் ஒரு சக்கரம் மட்டும் அனலடிக்கிறதா என்பது தெரியும்.

வண்டி ஓடுகிறதே, அப்படியே விட்டால் என்ன?

புகையாகப் போவது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டீசல். ஒழுகும் நாசிலை விட்டுவைத்தால் டீசல் லைனரில் உள்ள ஆயில் பூச்சைக் கழுவிவிடும், பிஸ்டன் தலையை ஓட்டை போடும். நாசில் செலவில் முடிய வேண்டியது முழு என்ஜின் வேலையாகும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறி, ஆயிலில் டீசல் வாசனை அடித்தால் அன்றே வண்டியை நிறுத்துங்கள்.

உடம்பையும் நினைக்க வேண்டும். டீசல் என்ஜின் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது. அதை அதிகம் சுவாசிப்பது டிரைவரும், கிளீனரும், பட்டறைப் பையனும்தான். மூடிய ஷெட்டுக்குள் வண்டியை ரேஸ் பண்ணி டெஸ்ட் செய்யாதீர்கள், வெளியே கொண்டுவந்து செய்யுங்கள்.

எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்று) புகைப் பரிசோதனையில் எவ்வளவு இருக்கலாம்?

மத்திய மோட்டார் வாகன விதி 115இன்படி, பி.எஸ்.4 என்ற மாசுக் கட்டுப்பாட்டு நிலைக்கு முந்தைய டீசல் வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு), அதாவது ஒளி உறிஞ்சும் குணகம் 2.45 வரை. பி.எஸ்.4 வண்டிக்கு 50, அதாவது 1.62. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று அடிவரை மிதித்து அளப்பார்கள். என்ஜினைச் சூடேற்றிக்கொண்டு போங்கள். குளிர்ந்த என்ஜினும், சைலென்சரில் நாள்பட்டுத் தங்கிய கரியும் அளவைக் கூட்டிக் காட்டும். பழைய வண்டிக்குப் புகைச் சான்றிதழ் 6 மாதம் செல்லும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்த விதியை மீறினால் ரூ.10,000 வரை அபராதம் உண்டு. ஒன்று சொல்ல வேண்டும்: இது லோடு இல்லாமல் செய்யும் சோதனை. இதில் பாஸான வண்டி மேட்டில் கரும்புகை கக்குவது நடக்கக்கூடியதே. அதனால் சான்றிதழ் இருக்கிறது என்று தேடுவதை விட்டுவிடாதீர்கள்.

டேங்கில் ஊற்றும் மருந்து பாட்டில்கள் பலன் தருமா?

நாசில் நுனியில் லேசான கரி இருந்தால் கொஞ்சம் உதவலாம். தேய்ந்த நாசில், கிழிந்த ஹோஸ், திருகிய பம்ப் எதையும் அவை சரிசெய்யாது. அந்தக் காசுக்கு நல்ல ஏர் ஃபில்டர் வாங்குங்கள்.

என்னுடையது காமன் ரெயில் வண்டி. இதே முறையில் பார்க்கலாமா?

காற்றுப் பாதை, டர்போ, ஹோஸ், எக்ஸாஸ்ட் வரை இதே முறைதான். ஆனால் பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் சோதனையை அதில் செய்யவே கூடாது. அந்தக் குழாய்களில் அழுத்தம் 1,600 பார் வரை போகும், உயிருக்கே ஆபத்து. ஸ்கேனர் வைத்திருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு இன்ஜெக்டரின் அளவையும் டர்போ அழுத்தத்தையும் லோடில் ஓட்டியபடி படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.